"தேங்க்ஸ் சொல்லு கண்ணா!" – பாலர் வகுப்பு வாசலில் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பதினேழு வருடமாகப் பாலர் வகுப்பில் இருக்கிறேன், மூன்று வயதிலிருந்து ஆறு வயதுவரையான பிள்ளைகளோடு. பெற்றோர் என்னிடம் எதையும் உட்கார்ந்து கேட்பதில்லை. ஒரு கையில் வாட்டர் பாட்டில், ஒரு கையில் வண்டிச் சாவி, பிள்ளைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பார்கள். நானும் பாதி பதில்தான் சொல்லியிருப்பேன். மீதிப் பாதிக்காக இந்தப் பக்கம். நன்றி, கோபம், அழுகை, பொறாமை எல்லாம் கலந்தே வரும், ஏனென்றால் கேள்விகளும் அப்படிக் கலந்துதான் வருகின்றன.

என் பையனுக்கு இரண்டரை வயது. நன்றியுணர்வை எப்போது ஆரம்பிக்கலாம்?

நீங்கள் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டீர்கள். கீரை விற்க வரும் அம்மாவிடம் நீங்கள் பேசும் தொனி தினமும் அவன் காதில் விழுகிறது. ஆனால் "அம்மா எனக்காக மெனக்கெட்டாள்" என்பது புரிய வேண்டுமானால், அம்மாவுக்கென்று தனியாக ஒரு மனசு இருக்கிறது, அதில் தன் மனசில் இல்லாதது ஏதோ ஓடுகிறது என்பது முதலில் பிடிபட வேண்டும். அது நாலு வயதை ஒட்டித்தான் வருகிறது.

1983-ல் விம்மர், பெர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அம்மா அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்த பையன் எங்கே தேடுவான்? சின்னப் பிள்ளைகள் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டும், ஏனென்றால் தனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் "அவனுக்குத் தெரியாதே!" என்று சிரிக்கும். வீட்டில் இரண்டு டம்ளரும் ஒரு கடலைமிட்டாயும் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம். ஆகவே இரண்டரை வயதுக்காரன் நன்றி கெட்டவன் இல்லை, அவனுக்கு இன்னும் அந்த ஜன்னல் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

"தேங்க்ஸ் சொல்லு" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொடுக்கிறேன். நான் சொன்னால் சொல்கிறாள், இல்லாவிட்டால் வாயே திறப்பதில்லை. என்ன செய்வது?

உங்கள் மகள் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1980-ல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டிலிருந்து ஐந்து வயதுவரையான பிள்ளைகள் வணக்கம், நன்றி, போய்வருகிறேன் ஆகிய மூன்றில் எதைத் தானாகச் சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். மூன்றிலும் கடைசி இடம் நன்றிக்குத்தான். பெரும்பாலும் பக்கத்தில் அப்பாவோ அம்மாவோ "சொல்லு, சொல்லு" என்றால்தான் வந்தது. அந்த ஊரில் மூச்சுக்கு ஒரு முறை தேங்க்யூ சொல்வார்கள், அங்கேயே இந்த நிலைமை.

நம் ஊரில் இன்னொரு சங்கதியும் உண்டு. வீட்டுக்குள் நாம் நன்றி சொல்வதே கிடையாது. மோர் கொண்டுவந்து கொடுத்த அம்மாவிடம் "நன்றி அம்மா" என்று சொல்லிப் பாருங்கள், "என்னடி, யாரோ மூணாம் மனுஷிகிட்ட பேசற மாதிரி" என்பார். இதை மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1985-ல் ஒரு கட்டுரையாகவே எழுதியிருக்கிறார், தென்னிந்தியாவில் நன்றி எப்படி இயங்குகிறது என்று. நாம் அதை வார்த்தையில் வைப்பதைவிடச் செயலிலும் பதில் மரியாதையிலும் வைக்கிறவர்கள் என்பது எனக்கு அதைப் படிக்கும் முன்பே தெரியும், உங்களுக்கும் தெரியும். பக்கத்து வீட்டிலிருந்து பாயசம் வந்த பாத்திரத்தை யாராவது வெறுமனே திருப்பி அனுப்புவார்களா? ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம்.

என்னைக் கேட்டால், அந்தப் பாத்திரம்தான் பாடம். அடுத்த முறை அதைக் கழுவியதும் பிள்ளையை அழைத்து, "அத்தைக்கு இதுல என்ன வைக்கலாம்?" என்று கேளுங்கள். "என் பொம்மை கார்!" என்பாள். சிரிக்காதீர்கள். ஸ்விட்சர்லாந்தில் பாம்கார்டன்-டிராமர் என்ற பெண்மணி பள்ளிப் பிள்ளைகளிடம் "உன் பெரிய ஆசை எது, அதை நிறைவேற்றி வைத்தவருக்கு நீ என்ன செய்வாய்?" என்று கேட்டு 1938-ல் எழுதினார். சிலர் வெறும் நன்றி சொன்னார்கள், சிலர் தனக்குப் பிடித்த பொருளையே கொடுப்பேன் என்றார்கள், சிலர்தான் அவருக்கு எது தேவையோ அதைச் செய்வேன் என்றார்கள். ஆக பொம்மை கார், பாதி சப்பிய லாலிபாப் எல்லாமே நன்றிதான், சின்ன வயதின் நன்றி. "அத்தை கார் வச்சு விளையாடுவாங்களா? அவங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். இரண்டு வாழைப்பழத்தோடு அந்தப் பாத்திரத்தை அவளே தூக்கிக்கொண்டு போகட்டும். கீழே போட்டாலும் எவர்சில்வர்தானே.

வெளியாளிடம் வாயால் சொல்ல வேண்டிய இடத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள், அவள் காதுபட. "பாப்பா சார்பா நானே சொல்றேன், ரொம்ப நன்றிங்க." மற்றபடி எல்லோர் முன்னாலும் "சொன்னாத்தான் கையை விடுவேன்" என்று பிடித்து வைப்பதால் பிள்ளைக்கு நன்றி வராது, அவமானம்தான் வரும்.

வீட்டில் தினப்படி என்னதான் செய்யலாம்? வேலை முடிந்து வரவே ஏழரை ஆகிவிடுகிறது.

தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். சாப்பிடும்போது "இந்த இட்லி எங்கிருந்து வந்துச்சு?" என்று பின்னாலேயே போய்க்கொண்டிருங்கள். அம்மா ஊற்றினாள். மாவு? பாட்டி கிரைண்டரில் அரைத்தார். அரிசி? கடை அண்ணாச்சி. அவருக்கு? லாரி மாமா. லாரிக்கு? வயலில் ஒருவர் இடுப்பொடிய நாற்று நட்டார். எங்கள் வகுப்பில் ஒரு பையன் கடைசியில் மண்புழு வரைக்கும் போய்விட்டான், அப்புறம் ஒரு வாரம் மழையில் வெளியே வந்த மண்புழுவை யாரும் மிதிக்கக்கூடாது என்று காவல் நின்றான்.

அப்புறம் பெயர். தண்ணீர் கேன் போடுகிறவருக்கும், காலையில் குப்பை வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளருக்கும் பெயர் உண்டு என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும். நீங்கள் "ஏய், கேன்!" என்று மாடியிலிருந்து கத்திவிட்டு, உள்ளே வந்து நன்றியுணர்வு பற்றிக் கதைப்புத்தகம் வாசித்தால், பிள்ளை மனசில் நிற்பது கத்தல்தான்.

பண்டிகைகள் நமக்குப் பாதி வேலையைச் செய்து வைத்திருக்கின்றன. பொங்கலில் சூரியனுக்கு, மறுநாள் மாட்டுக்கு, ஆயுத பூஜையில் சுத்தியலுக்கும் தையல் மிஷினுக்கும். பூஜையன்று பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிளுக்கு அவளே சந்தனம் வைக்கட்டும், "இந்த வருஷம் இந்த சைக்கிள் உனக்கு என்னல்லாம் செஞ்சுச்சு?" என்று கேளுங்கள். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு பிள்ளையையும் அழைத்துப் போங்கள், எந்த வீட்டுப் பிள்ளையானாலும் சரி. அத்தனை பேருக்கும் ஒருவர் காலையிலிருந்து கிண்டிக்கொண்டிருந்தார் என்பதைப் பிள்ளை கண்ணால் பார்த்துவிடும், அதற்குப் பிறகு நீங்கள் விளக்க வேண்டிய அவசியமே இருக்காது.

தினமும் மூன்று நல்ல விஷயங்களை நோட்டில் எழுத வைக்கலாமா? வீடியோவில் பார்த்தேன்.

அந்த யோசனை பிரபலமானதற்கு 2003-ல் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒரு முக்கியக் காரணம். அதில் எழுதியவர்கள் பெரியவர்கள், பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். உங்கள் நாலு வயதுக்காரிக்கு இன்னும் "ஆ" போடவே கை வலிக்கிறது. விளக்கை அணைத்த பிறகு "இன்னைக்கு யாரு உனக்கு உதவி செஞ்சா?" என்று ஒன்று கேட்டால் போதும், அதுவும் தினமும் வேண்டாம். "யாரும் இல்ல, ஆயா மட்டும் ஜிப் போட்டு விட்டாங்க" என்று பதில் வந்தால் அதுவே பெரிது. பதில் வராத நாளில் விட்டுவிடுங்கள். இன்னொன்று, நீங்களும் ஒன்று சொல்லுங்கள், பிள்ளை மட்டும் சொன்னால் அது பரீட்சை ஆகிவிடும்.

சாப்பிட அடம்பிடிக்கிறான். "சோறு இல்லாத பிள்ளைங்க எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா" என்று சொல்வது தப்பா?

நானும் சொல்லியிருக்கிறேன், என் அம்மா எனக்குச் சொன்னார். ஆனால் யோசித்துப் பாருங்கள், அவன் பாகற்காய் வேண்டாம் என்கிறான், நீங்கள் உலகப் பசியைத் தூக்கி அவன் தட்டில் வைக்கிறீர்கள். அவன் சாப்பிட்டால் அந்தப் பிள்ளைகளின் வயிறு எப்படி நிறையும் என்று ஒரு சின்னப் பெண் என்னிடம் நிஜமாகவே கேட்டிருக்கிறாள். எனக்குப் பதில் வரவில்லை.

இதில் எனக்கு இருக்கும் பெரிய பயம் வேறு. ஒரு குடியிருப்பில் அம்மா ஒருவர் எப்போதும் வாட்ச்மேன் மகனைக் காட்டித்தான் தன் பையனுக்கு ஊட்டுவார், "பாரு, அவனுக்கு ஒண்ணுமே இல்ல, உனக்கு எல்லாம் இருக்கு." இரண்டு பையன்களும் ஒன்றாகப் பந்து விளையாடுகிறவர்கள். ஒருநாள் இவன் தன் பழைய ரயில் வண்டியை எடுத்துப்போய் "நீ பாவம், வச்சுக்கோ" என்று கொடுத்திருக்கிறான். அவன் வாங்கிக்கொள்ளவில்லை. அதன் பிறகு விளையாட வரவும் இல்லை. அந்த அம்மா என்னிடம் சொன்னபோது அழுதுவிட்டார். இன்னொருவரின் இல்லாமையைக் காட்டி நன்றியைக் கற்றுக்கொடுத்தால் பிள்ளை கற்பது இதுதான்: நான் மேலே, அவன் கீழே.

பாகற்காய்க்கு வருவோம். "பிடிக்கலையா? சரி. பாட்டி நறுக்கி, வதக்கி, புளி போட்டுச் செஞ்சாங்க இல்லையா, அதனால 'உவ்வே' வேண்டாம். 'போதும் பாட்டி'ன்னு சொல்லு." பிடிக்காமல் இருக்க அவனுக்கு உரிமை உண்டு, பாட்டியின் உழைப்புக்கு மரியாதையும் உண்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாம்.

எல்லாம் வாங்கிக் கொடுத்தும் எதற்கெடுத்தாலும் அழுகை, கோபம். நன்றியுள்ள பிள்ளை சந்தோஷமாகத்தானே இருக்கும்?

இந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது, நான் கொடுத்தேன், ஆகவே நீ அழக்கூடாது. பெரியவர்களான நமக்கே அந்தக் கணக்கு சரிவராது. சம்பளம் வந்த நாளில் நமக்குத் தலைவலி வருவதில்லையா?

பிள்ளைகளிடம் உணர்ச்சி நிறைய இருக்கிறது, வார்த்தைதான் இல்லை. வகுப்பில் மஞ்சள் முகங்கள் வரைந்த அட்டையைத் தொங்கவிட்டு ஹேப்பி, சேட், ஆங்ரி என்று மூன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டு முடித்துவிடுகிறோம். தமிழில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். ஏக்கம், ஏமாற்றம், எரிச்சல், கடுப்பு, கூச்சம், பொறாமை, பதற்றம், சலிப்பு, ஆற்றாமை. ஏக்கத்துக்கும் ஏமாற்றத்துக்கும் வித்தியாசம் தெரிந்த ஐந்து வயதுப் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். "ஏமாற்றம்னா வரும்னு சொன்னது வரல. ஏக்கம்னா சொல்லவே இல்ல, ஆனா வேணும்" என்றாள். அகராதியில்கூட இவ்வளவு நன்றாகப் போடமாட்டார்கள்.

தம்பி பிறந்த வீட்டிலிருந்து வந்த ஒரு பையன் தினமும் யாரையாவது கடித்துவைப்பான். திட்டினோம், தனியாக உட்கார வைத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் மடியில் வைத்துக்கொண்டு, "தம்பி வந்தப்புறம் அம்மா மடி கிடைக்கலைன்னு ஏக்கமா இருக்கா?" என்று கேட்டேன். அப்படியே முகத்தை என் புடவையில் புதைத்துக்கொண்டு கால் மணி நேரம் அழுதான். கடிப்பது மறுநாளே நின்றது என்று சொன்னால் பொய். ஒரு மாதம் ஆனது, ஆனால் குறைந்தது.

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது ஏன் உதவுகிறது என்பதற்கு ஒரு தடயம் 2007-ல் லீபர்மன் என்ற உளவியலாளரின் குழு கலிஃபோர்னியாவில் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. பெரியவர்களை மூளை ஸ்கேனில் படுக்கவைத்துக் கோபமான, பயந்த முகங்களைக் காட்டினார்கள். அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, பயத்துக்கு மணியடிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் துள்ளல் குறைந்தது. பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், என் மடியில் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

ஒளவையார் ஆத்திசூடியில் "ஆறுவது சினம்" என்றார். எனக்கு அதில் பிடித்தது "ஆறுவது". சூடான பால் ஆறுகிறதே, அந்த ஆறுவது. கோபம் வரவே கூடாது என்று அதற்கு அர்த்தம் இல்லை, வந்தது ஆறும், ஆற வேண்டும். எங்கள் வகுப்பில் கோபம் வந்தால் "பாலை ஆத்து" என்போம். இரண்டு கையையும் டம்ளர் பிடிப்பதுபோல் குவித்து, கையில் கொதிக்கும் பால் இருப்பதாக நினைத்து மெதுவாக ஊத வேண்டும். வேகமாக ஊதினால் பால் சிந்திவிடும், அதனால் நீளமாகத்தான் ஊதியாக வேண்டும். ஐந்து முறை ஊதுவதற்குள் தோள் இறங்குவது கண்ணுக்கே தெரியும். பிள்ளை கத்தோகத்து என்று கத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் இதைச் சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள், கேட்கவே கேட்காது. சும்மா இருக்கும்போது விளையாட்டாகப் பழக்கி வையுங்கள்.

"ஆம்பளப் புள்ள அழலாமா?" இதை மட்டும் தயவுசெய்து வேண்டாம். தாத்தா சொன்னால் தாத்தாவிடம் தனியாகப் பேசுங்கள்.

பிறந்தநாளுக்கு என் அண்ணன் ஆசையாக வாங்கிவந்த சட்டையை "அய்யே, எனக்கு வேணாம்" என்று எல்லோர் முன்னாலும் தூக்கிப் போட்டாள். மானமே போச்சு.

உங்கள் அண்ணன் மறந்திருப்பார், உங்கள் அண்ணி வேண்டுமானால் ஞாபகம் வைத்திருப்பார். விளையாட்டு சாமான் என்று நினைத்துப் பிரித்தால் துணி, அந்த ஏமாற்றம் நிஜம். அப்போது அங்கேயே பாடம் எடுக்க வேண்டாம். இரவில், "கார் வரும்னு நினைச்சே, சட்டை வந்துச்சு, ஏமாற்றமா இருந்துச்சு. மாமா எந்தக் கலர் உனக்குப் பிடிக்கும்னு எனக்கு ரெண்டு தடவை ஃபோன் பண்ணிக் கேட்டாரு தெரியுமா?" என்று சொல்லுங்கள். அந்த ஃபோன் விஷயம் அவளுக்குத் தெரியவே தெரியாது, அவள் பார்த்தது சட்டையை மட்டும். மறுநாள் அவள் மாமாவிடம் பேசுவாளா என்பது அவள் இஷ்டம்.

"மாமா சாக்லேட் குடுத்தாரு இல்ல, மாமாவுக்கு ஒரு முத்தம் குடு" – நன்றியைக் காட்ட இது ஒரு வழிதானே?

இல்லை. இதில் நான் இளக்கம் காட்டமாட்டேன். வாங்கிய பொருளுக்கு உடம்பால் பதில் கொடுக்க வேண்டும் என்று மூன்று வயதில் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, நாளைக்கு ஒரு கெட்டவன் சாக்லேட்டோடு வந்தால் மறுக்கத் தெரியாது. பிள்ளைகளிடம் தவறாக நடப்பவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்களாகத்தான் இருக்கிறார்கள், பரிசு கொடுத்தே நெருங்குகிறார்கள், "நான் உனக்கு எவ்வளவு செஞ்சேன், யார்கிட்டயும் சொல்லாதே" என்று நன்றியை வைத்தே வாயைக் கட்டுகிறார்கள். ஆகவே கை குவித்து வணக்கம், கையாட்டல், ஹைஃபைவ், எது வேண்டுமோ பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். ஒன்றும் வேண்டாம் என்றால் ஒன்றும் வேண்டாம். பெரியவர் முகம் சுளித்தால் நீங்கள் சமாளியுங்கள், பிள்ளை சமாளிக்க வேண்டாம்.

"யார் எவ்வளவு நல்லது செய்திருந்தாலும், உனக்குப் பிடிக்காத மாதிரி தொட்டால் அம்மாகிட்ட சொல்லலாம், அது நன்றி கெட்டத்தனம் ஆகாது" என்று வாய்விட்டுச் சொல்லிவையுங்கள். அப்படி ஒன்று நடந்துவிட்டால் 1098 பிள்ளைகளுக்கான இலவச உதவி எண். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டப்படி, தெரிந்த பிறகு புகார் கொடுக்காமல் மறைப்பதும் குற்றம்.

திருக்குறள் மனப்பாடம் செய்ய வைத்தால் போதுமா?

செய்ய வையுங்கள், பிள்ளைகளுக்குச் சந்தம் பிடிக்கும். செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தில் தினையளவு உதவியைப் பனையளவாகப் பார்க்கச் சொல்லும் குறள் ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்லும்போது உள்ளங்கையில் நிஜமாகவே ஒரு தினையை வையுங்கள், அப்புறம் வண்டியில் அழைத்துப்போய் ஒரு பனைமரத்தைக் காட்டுங்கள். நகரத்தில் பனைமரம் தேடுவதுதான் கஷ்டம்.

"உனக்காக நாங்க எவ்வளவு கஷ்டப்படறோம்" என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

கஷ்டம் தெரியலாம், கடன் பத்திரம் நீட்ட வேண்டாம். "அப்பாவுக்கு இன்னைக்குக் கால் வலி, நின்னுகிட்டே வேலை" என்பது செய்தி. "உனக்காகத்தான் இந்தக் கால் வலி" என்பது பில். பில்லைக் கட்ட வழியில்லாத பிள்ளை குற்றவுணர்ச்சியில் சுருங்கும், கொஞ்சம் வளர்ந்ததும் "நானா பெத்துக்கச் சொன்னேன்?" என்று திருப்பிக் கேட்கும். மூதுரையின் முதல் பாட்டே செய்த உதவி எப்போது திரும்பி வரும் என்று எண்ணிக்கொண்டிருக்காதே என்கிறது. தென்னை காலால் குடித்த தண்ணீரைத் தலையால்தான் தரும், அதுவும் வளர்ந்து முடித்த பிறகு. ஒன்றாம் வகுப்பில் இளநீர் கேட்டால் எப்படி?

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால், நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வந்தால், விளையாட்டையே விட்டுவிட்டால், தினமும் பள்ளி நேரத்துக்கு வயிற்றுவலி என்றால், தன்னைத்தானே அடித்துக்கொண்டால், "நான் செத்துப்போறேன்" என்று சொன்னால். கடைசி இரண்டுக்கும் வாரக்கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றே போங்கள். முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம், இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு. "நம்ம வீட்டுல இப்படியா" என்ற வெட்கத்தில் ஒரு வருடம் கழித்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

பள்ளியில் "கிராட்டிட்யூட் வீக்" என்று சார்ட் செய்துவரச் சொல்கிறார்கள். என்ன வரையலாம்?

இரவு பதினொரு மணிக்கு நீங்கள்தான் வரையப்போகிறீர்கள் என்பது எனக்கும் தெரியும், உங்கள் பிள்ளையின் டீச்சருக்கும் தெரியும். அழகான கையெழுத்தில் வரும் சார்ட்டுகளை நாங்கள் சுவரில் ஒட்டுவோம், ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்காது. போன வருடம் ஒரு பெண் கோணல்மாணலாக ஒரு வட்டமும் நாலு கோடும் போட்டுக் கொண்டுவந்தாள். என்ன என்று கேட்டேன். "ஆட்டோ மாமா. மழையில நான் நனையாம ஸ்கிரீன் இறக்கி விட்டாரு, அவரு நனைஞ்சுட்டாரு" என்றாள். சாயங்காலம் அந்த சார்ட்டை அவளே சுருட்டி எடுத்துப்போய் ஆட்டோவில் கொடுத்துவிட்டாள். எங்கள் சுவரில் ஓர் இடம் காலியாகவே இருந்தது.